பாலத்தில் நிற்கும் விமானங்கள்



டில்லிக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்களின் பயணத் திட்டம் எப்படி அமைகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜாமிஆ மஸ்ஜித், செங்கோட்டை, குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை. பிறகு ஒரு பகல் ஆக்ரா. ஊர் திரும்பியதும் தாஜ்மகாலுக்கு முன்னே நின்று எடுத்த புகைப்படம் கூடத்துச் சுவரில் ஏறிவிடும். அத்துடன் நம் வரலாற்றுக் கடமை முடிந்தது! பி.ஏ. வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக் கொடுத்துக் கொண்டிருக்கும் நானும் இரண்டு முறை இப்படித்தான் போய் வந்தேன். மூன்றாம் முறை, பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில் டில்லியிலிருக்கும் மைத்துனர் வீட்டுக்குச் சென்றபோது, எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் குறுக்கிட்டான்.

"இந்தத் தடவை கபுறு வேண்டாம் வாப்பா. பிளேன் பார்க்கலாம்."

இவ்வாறுதான் பாலத்திலுள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நாங்கள் சென்றோம். பாலம் என்றதும் ஆற்றின் மேல் கட்டிய பாலத்தை நினைத்துவிடாதீர்கள். டில்லியின் தென்மேற்கே இருக்கும் மிகப் பழைய ஊர் ஒன்றின் பெயர் அது. சுல்தான் பால்பனின் ஆட்சியைப் புகழ்ந்து 1276-ஆம் ஆண்டு ஒரு வணிகர் வெட்டுவித்த சமஸ்கிருதக் கல்வெட்டு அவ்வூர்க் கிணற்றில் கிடைத்தது என்று கல்லூரியில் படித்த நினைவு. இன்று அப்பெயரைச் சொன்னால் டில்லிவாசிகளுக்கு நினைவில் வருவது விமானத் தளம் மட்டுமே.

1967-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அருங்காட்சியகம் இது. நாங்கள் சென்றபோது நுழைவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. படைத்தளத்துக்குள் அமைந்திருப்பதால், எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்பதை விசாரித்துக் கொண்டு, அடையாள அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பெரிய விமானங்கள் திறந்த வெளியில் நிற்கின்றன. சிறியவை கொட்டகைக்குள் நெருக்கமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. 1932 முதற்கொண்டு உள்ள நிழற்படங்களும் சீருடைகளும் படைக்கலங்களும் தனிக்கூடத்தில் இருக்கின்றன.

வெளியில், போர்க்களத்தில் எதிரியிடமிருந்து கைப்பற்றிய வாகனங்களும் உள்ளன. அவற்றின் அருகே வந்ததும், அதுவரை ஒவ்வொன்றையும் நின்று நிதானித்துப் பார்த்த என் மகன் விறுவிறுவென்று நடந்து அப்பால் போய்விட்டான். எனக்கு விளங்கவில்லை. என் துணைவியார்தாம் தணிந்த குரலில் சொன்னார். சில மாதங்களுக்கு முன் நடந்த ஓர் இந்திய - பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்கு மறுநாள், வகுப்புத் தோழன் ஒருவன், "நேற்று உங்க டீம் தோத்துப் போச்சே" என்று சிரித்துக் கொண்டே கேட்டானாம். பிள்ளை அதைத் தாயிடம் மட்டும் சொல்லி, வாப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று வாக்கும் வாங்கியிருக்கிறான்.

வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாடம் புரிந்ததா என்று கண்டுகொள்வேன் எனப் பெருமை பேசுபவன் நான். பெற்ற மகனின் முகத்தைப் படிக்கத் தவறியிருக்கிறேன்.

வாப்பிட்டி

கொட்டகைக்குள் நுழைந்தால் நம் கண்ணைக் கவர்வது அங்கிருக்கும் பழமையான விமானம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள். அவற்றைப் பிணைக்கும் கம்பிகள். துணி போர்த்திய உடல். மேற்கூரையில்லாத இரண்டு இருக்கைகள். விமானி முன்னே அமர்வார். துப்பாக்கி இயக்குபவர் பின்னே. மழையும் வெயிலும் இருவருக்கும் பொது! 'வெஸ்ட்லேண்ட் வாப்பிட்டி' என்பது அதன் பெயர். வட அமெரிக்காவில் வாழும் ஒருவகைப் பெரிய மானின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளோ, "வாப்பாமார்களுக்குன்னே செஞ்ச பிளேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்கவில்லை.

ஐந்நூறுக்கும் மேல் செய்யப்பட்ட இந்த வகையில், உலகில் முழு உருவோடு எஞ்சியிருப்பது பாலத்தில் நிற்கும் இந்த ஒன்றுதான். நம் நாட்டின் விமானப்படை பிறந்ததும் வாப்பிட்டியில்தான். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் விமானப்படை சட்டப்படி தோற்றம் பெற்றது. 1933 ஏப்ரல் முதல் நாளன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதலாம் ஸ்குவாட்ரன் அமைந்தது. அன்று அதனிடம் இருந்தவை நான்கு வாப்பிட்டி விமானங்கள், ஐந்து இந்திய விமானிகள், 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட பத்தொன்பது பேர். அவ்வளவுதான் படை. பிற்காலத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது சென்னை உட்பட நம் துறைமுகங்களைக் காத்த கரையோரக் காவல் அணிகளிலும் இவை பறந்தன.

இதையெல்லாம் நான் விவரித்துக் கொண்டிருக்கையில், மகன் விமானத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டான்:

"இதிலே நம்ம ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களா வாப்பா?"

நேயர்களே! இவ்வகைக் கேள்வி வரும்போது நம்மில் பலர் உடனே ஸ்பெயினுக்குப் போய்விடுவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் இறகுகளைக் கட்டிக் கொண்டு பறந்து பார்த்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் கதையைச் சொல்வோம். சொல்லத் தகுந்த கதைதான். இறங்கும்போது அவர் அடிபட்டதற்குக் காரணம் வால் அமைத்துக் கொள்ள மறந்ததுதான் என்று, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அல்மக்கரீ எழுதி வைத்திருப்பது இன்னும் சுவையானது. ஆயினும் பதின்மூன்று வயதுப் பையனின் கேள்விக்கு அது விடையாகுமா? அவன் கேட்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஸ்பெயினைப் பற்றியன்று. இந்த நாட்டைப் பற்றி, தன் கண்முன் நிற்கும் இந்த விமானத்தைப் பற்றி.

அதற்கு விடை இருந்தது. அந்த முதல் ஐந்து விமானிகளின் பெயர்களைச் சொன்னேன்: ஹரீஷ் சந்திர சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், அமர்ஜித் சிங், ஐஸாத் பக்ஷ் அவான். ஐவரில் ஒருவர் முஸ்லிம். இவர்களுள் சுப்ரதோ முகர்ஜிதான் 1954-இல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியானார். அவான், நாடு பிரிந்தபோது பாகிஸ்தான் சென்றுவிட்டார்.

"போயிட்டாரா?" என்றான் மகன். அவன் முகம் மீண்டும் வாடிற்று.

"போகாதவர் ஒருவர் இருக்கிறார், கேள்" என்றேன்.

ஹைதராபாத்காரர்

இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் 1923-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். 1942-இல் படையில் சேர்ந்து, கராச்சியில் இதே வாப்பிட்டி போன்ற பழைய விமானங்களில் அமர்ந்து, அரபிக்கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணியைச் செய்தார். பிறகு இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்றுத் திரும்பிப் பர்மா போர்முனையில் பறந்தார். 1947-இல் நாடு இரண்டானபோது படையும் இரண்டானது. நாற்காலி மேசையிலிருந்து விமானங்கள் வரை பங்கு பிரித்தார்கள். முஸ்லிம் அதிகாரிகள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. லத்தீஃபுக்கு மூத்தவர்களும் நண்பர்களுமான அஸ்கர் கான், நூர் கான் ஆகியோர் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்ததோடு, இவரையும் வருமாறு அழைத்தார்கள். இவர் செல்லவில்லை. மார்க்கம் வேறு, நாடு வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

1978 செப்டம்பர் முதல் நாளன்று அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். மூன்றாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெறும் தறுவாயில், ஒலியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பறக்கவல்ல மிக்-25 விமானத்தையும் ஓட்டிப் பார்த்தார். பிறகு மகாராஷ்டிர ஆளுநராகவும், பிரான்ஸ் நாட்டுத் தூதராகவும் பணியாற்றி, 2018 ஏப்ரலில் ஹைதராபாத்தில் காலமானார். துணி போர்த்திய இந்த வாப்பிட்டியில் தொடங்கி மிக்-25 வரை ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள்! மகனுக்கு இக்கணக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாப்பிட்டியின் வேகம் என்னவென்று கேட்டான். மணிக்கு இருநூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் என்றேன். "நம்ம ஊருக்கு வர்ற ரயிலைவிடக் கொஞ்சம் வேகம்" என்று அவனே ஒரு முடிவுக்கு வந்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் அன்றைய பகல் இனிதாகவே முடிந்திருக்கும். ஆனால் பாதி வரலாற்றைச் சொல்லிப் பெருமிதம் ஊட்டுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே மற்றொன்றையும் சொன்னேன். முதலாம் ஸ்குவாட்ரனின் வாப்பிட்டிகள் முதன்முதலில் போர்ப் பணிக்குச் சென்றது எந்த அந்நியப் படையையும் எதிர்த்தன்று. 1937-இல் வடமேற்கு எல்லைப்புறத்தின் வஜீரிஸ்தானில், ஆங்கில ஆட்சிக்கு அடங்க மறுத்த பட்டாணியக் குலத்தவரை அடக்குவதற்காகவே அவற்றை அனுப்பினார்கள். முதலில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை வீசுவது, ஊரார் வெளியேற அவகாசம் தருவது, பின்பு குண்டு வீசுவது என்பது அங்கே ஆங்கிலேயர் கையாண்ட முறை. காலாட்படையை அனுப்புவதைவிட இதற்குச் செலவு குறைவு என்று கணக்குப் பார்த்தார்கள்.

அப்பகுதியில் பறந்த விமானிகளின் சட்டைப்பையில் அந்நாட்டு மொழியில் எழுதிய கடிதம் ஒன்று இருக்குமாம். விமானம் பழுதாகி இறங்க நேர்ந்தால், 'இவரைத் தீங்கின்றித் திருப்பி ஒப்படைப்போருக்கு வெகுமதி தரப்படும்' என்று அதிலே எழுதியிருக்கும். மேலேயிருந்து குண்டு வீசுபவர், கீழே விழுந்தால் அதே மக்களின் கருணையைக் கடிதம் காட்டிக் கேட்க வேண்டும்!

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மேலேயும் நம்ம ஆளு, கீழேயும் நம்ம ஆளா?" என்றான். ஆம் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

சக்கரமில்லாத விமானம்

அதே அருங்காட்சியகத்தில் சிறிய உருவம் ஒன்று இருக்கிறது. முதற்பார்வையில் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். குட்டையான இறக்கைகள், நீண்ட மூக்கு. குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள், சக்கரம் இராது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஜப்பானியர் செய்த 'ஓகா' இது. ஜப்பானிய மொழியில் செர்ரி மலரைக் குறிக்கும் சொல். மூக்கில் 1,200 கிலோ வெடிமருந்து, வாலில் ராக்கெட்டுகள், நடுவே ஒரு மனிதன். பெரிய விமானம் ஒன்றின் வயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டு போய், எதிரியின் கப்பல் தென்பட்டதும் கழற்றிவிடுவார்கள். உள்ளே இருப்பவன் அதைக் கப்பலின் மேல் மோதவேண்டும். திரும்பி இறங்கும் எண்ணம் செய்தவர்களுக்கும் இல்லை, ஏறியவனுக்கும் இல்லை என்பதால் சக்கரம் தேவைப்படவில்லை. 1945 மார்ச் 21-ஆம் நாள் முதன்முறையாக இவற்றைச் சுமந்து புறப்பட்ட தாய் விமானங்கள் அத்தனையும், இலக்கை நெருங்குவதற்கு முன்பே சுட்டு வீழ்த்தப்பட்டன. அமெரிக்கப் படையினர் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'பாகா'. ஜப்பானிய மொழியில் முட்டாள் என்று பொருள். ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதில் ஏற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள்.

"இவங்களும் ஷஹீதுதானே?" என்று கேட்டாள் மகள். மதரஸா ஆசிரியனின் மகளல்லவா? உயிர் நமக்குச் சொந்தமன்று, அமானிதமாகத் தரப்பட்டது, அதை நாமே போக்கிக் கொள்ள நமக்கு அனுமதியில்லை என்று அவள் வயதுக்கு ஏற்றவாறு விளக்கினேன். ஆனால் அவளுக்கு விளங்க வைத்தது என் பேச்சன்று. சற்றுத் தள்ளி நின்ற 'நாட்' விமானம்தான்.

நாட் மிகச் சிறிய போர்விமானம். ஆங்கிலேயர் வடிவமைத்ததை உரிமம் பெற்று பெங்களூரில் செய்தார்கள். 1971 டிசம்பர் 14-ஆம் நாள் ஸ்ரீநகர் விமானத்தளத்தின் மேல் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் குண்டு வீசிக் கொண்டிருந்த வேளையில், நிர்மல்ஜித் சிங் சேகோன் என்ற இளம் அதிகாரி இவ்வகை விமானத்தில் ஏறி மேலெழுந்தார். பலரைத் தனியாக எதிர்த்துப் போரிட்டு உயிர் துறந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. மகள் நாட்டின் அடியில் குனிந்து பார்த்தாள். "இதுக்குச் சக்கரம் இருக்கு. இவர் திரும்பி வரத்தான் நினைச்சிருக்காரு" என்றாள்.

இந்த நாட்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1965 செப்டம்பர் 3-ஆம் நாள் இந்திய நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் விமானத்தளத்தில் இறங்கிவிட்டது. இன்று அது கராச்சியிலுள்ள அவர்களது விமானப்படை அருங்காட்சியகத்தில் வெற்றிச் சின்னமாக நிற்கிறது. அங்கேயும் ஏதோ ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்கு நம் விமானத்தைச் சுட்டிக் காட்டி ஏதாவது சொல்லிக் கொண்டிருக்கும்.

இதே 1965-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் நடந்ததை என் மகனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்ல வேண்டும். கட்ச் ரண் பகுதியில் இரு நாட்டுத் தரைப்படைகளும் மோதிக் கொண்டிருந்தன. அப்போது பாகிஸ்தான் விமானப்படைத் தலைவராயிருந்தவர் அதே அஸ்கர் கான். நம் பக்கம் அர்ஜன் சிங். இருவரும் ஒரு காலத்தில் ஒரே படையின் அதிகாரிகள். பர்மா போரில் ஒரே தரப்பில் நின்று பறந்தவர்கள். அஸ்கர் கான் டில்லிக்குத் தொலைபேசியில் அழைத்து, விமானப்படைகளை இந்தச் சண்டையில் இறக்காமல் இருப்போம் என்று அர்ஜன் சிங்கிடம் பேசினார். இருதரப்பு விமானங்களும் அந்தச் சண்டைக்குள் வரவில்லை. ஜூலையில் அஸ்கர் கான் ஓய்வு பெற, நூர் கான் அப்பதவிக்கு வந்தார். செப்டம்பரில் பெரும்போர் மூண்டபோது வானமும் தப்பவில்லை. ஆனாலும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பால் ஏப்ரலில் எத்தனை விமானிகள் வீடு திரும்பினார்கள் என்பதை யார் கணக்கிட முடியும்? இந்தத் தொலைபேசியை எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று என் துணைவியார் கேட்டார். கேள்வி நியாயமானதே.

காயலான் கடையில் கிடைத்தவை

வெளியே வந்தோம். பனிமூட்டம் விலகி இளவெயில் அடித்தது. நான்கு எஞ்சின்களோடு பெரிய 'லிபரேட்டர்' குண்டுவீச்சு விமானம் அங்கே நின்றது. இதன் கதை இல்லத்தரசிகளுக்கு நிச்சயம் பிடிக்கும். உலகப்போர் முடிந்ததும், அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்றிருந்த இவ்விமானங்களை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கான்பூரில் வேண்டுமென்றே சிதைத்துக் குவித்துவிட்டுப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பின் நம் விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அக்குவியலைக் கிளறினார்கள். ஒன்றின் இறக்கையையும் மற்றொன்றின் வாலையும் தேடிப் பொருத்தி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். அத்தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகப் பழுது நீக்கினார்கள். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை உயிர் பெற்றன. 1948-இல் பணியேற்ற இவை 1968 வரை பறந்தன.

பழைய இரும்புக் கடையைக் 'காயலான் கடை' என்கிறோமே, அது காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. அப்படியானால், எறிந்த பொருளிலும் விலை இருக்கிறது என்பதை அறிந்த அவர்களின் கண்தான் அந்தத் தொழிற்சாலையினருக்கும் இருந்திருக்கிறது. வீட்டில் ஓட்டைப் பாத்திரத்தைப் பரணில் போட்டு வைக்கும்போது இனிமேல் நான் முணுமுணுக்கக் கூடாது என்று என் துணைவியார் அங்கேயே ஒப்புதல் வாங்கிக் கொண்டார்.

புறப்படும் முன் மகன் மீண்டும் கைப்பற்றிய வாகனங்களின் அருகே சென்றான். இம்முறை விரைந்து ஓடவில்லை. விளக்கப் பலகையை முழுதும் படித்துவிட்டு வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய அன்று இரவு, என் மர்ஹூம் வாப்பாவின் பழைய மர அலமாரியைத் திறந்து கதவின் உட்புறத்தை அவனுக்குக் காட்டினேன். அஞ்சலகத்தில் பணியாற்றிய வாப்பா, 1978-இல் செய்தித்தாளில் வந்த ஒரு படத்தைக் கத்தரித்து அங்கே ஒட்டியிருந்தார். சீருடையில் இத்ரீஸ் லத்தீஃப். தாள் பழுப்பேறி, ஒருபுறம் பூச்சி அரித்திருந்தது. சிறு வயதில் நூறு முறை பார்த்தும் நான் ஏனென்று கேட்டதில்லை. கீழே வாப்பாவின் கையெழுத்தில், 'ஹைதராபாத்காரர். நம் தளபதி' என்று இருந்தது.

மகன் அதைக் கிழியாமல் எடுக்க முடியுமா என்று கேட்டான். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிக் கால் மணி நேரத்தில் எடுத்தோம். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தின் நடுவே அதைக் காயவைத்து, மேலே என் அரபி அகராதியைப் பாரமாக வைத்துவிட்டு உறங்கப் போனான்.